பழைய அறுவடை இயந்திரம்: குறைவாக ஓடிய பழசா, நிறைய ஓடிய புதுசா?

பழைய கம்பைன் (வயலில் ஓடியபடியே அறுத்து, கதிரடித்து, தானியத்தைப் பிரிக்கும் அறுவடை இயந்திரம்) வாங்கக் கிளம்புகிறவர் முதலில் கேட்பது விலை, அடுத்துக் கேட்பது எத்தனை மணி ஓடியிருக்கிறது என்று. சரி, இரண்டும் கேட்க வேண்டியதுதான். ஆனால் வண்டி வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் கையைக் கடிக்கப்போவது அந்த மாடல் புதிதாக விற்கும் விலை. பாதி விலைக்கு வாங்கினீர்கள் என்பதற்காக யாரும் பேரிங்கைப் பாதி விலைக்குத் தரமாட்டார்கள். கதிரை அடிக்கும் டிரம், அதன் அடியில் வளைந்திருக்கும் கம்பித் தட்டியான கான்கேவ், ஹைட்ராலிக் பம்ப் எல்லாம் புது வண்டிக்காரருக்கு என்ன விலையோ அதேதான் உங்களுக்கும். பெரிய வண்டியை மலிவாக முடித்துவிட்டோம் என்று சந்தோஷப்படுகிறவர், பெரிய வண்டியின் ரிப்பேர் செலவையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க வேளாண், உயிரியல் பொறியாளர்கள் சங்கம் பண்ணை இயந்திரங்களுக்காக வெளியிடும் தரவுகளில், தானே ஓடும் கம்பைனின் ஆயுளை 3,000 மணி என்றும், அதற்குள் ஆகும் மொத்தப் பழுதுச் செலவைப் புது விலையில் 40 சதவீதம் என்றும் வைத்திருக்கிறார்கள். இந்த 40 சதவீதம் ஆண்டுதோறும் சமமாக வருவதில்லை என்பதுதான் விஷயம். அவர்களுடைய சூத்திரத்தில் மணியைப் போட்டுப் பார்த்தால் முதல் 1,000 மணிக்குச் சுமார் 4 சதவீதம்தான். 2,000 முடியும்போது கூட்டுத்தொகை 17. 3,000 முடியும்போது 40. அதையும் தாண்டி 4,000 வரை இழுத்தால் 73. புது விலையில் 30 சதவீதம் கொடுத்து 2,000 மணி ஓடிய வண்டியை வாங்கி அடுத்த 1,000 மணி ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள், அந்த ஆயிரம் மணிக்கு மட்டும் புது விலையில் 23 சதவீதம் ரிப்பேருக்குப் போகும், அதாவது வாங்கக் கொடுத்த பணத்தில் முக்கால் பங்குக்கு மேல். இது சராசரிதான், நன்றாகப் பார்த்துக்கொண்டவருக்குக் குறையும், கண்டுகொள்ளாதவருக்கு எகிறும். முதல் சொந்தக்காரர் சமதரையில் ஓட்டிவிட்டார், ஏற்றம் ஆரம்பிக்கும் இடத்தில் சாவி நம் கைக்கு வருகிறது.

அதனால் முதல் ஒப்பீடே வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்பதுதான். பயிரை அறுக்கும் முன்பகுதி நாலு மீட்டர் அகலம், மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகம், திரும்புவதும் தானியம் கொட்டுவதும் போக 70 சதவீத நேரம் உண்மையான அறுப்பு என்று எடுத்தால், மணிக்கு சுமார் 1.1 ஹெக்டேர், ஏக்கரில் இரண்டே முக்கால். நாற்பது ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு பருவத்தில் பதினைந்து மணி நேர வேலை. பதினைந்து மணி நேரத்துக்காக ஒரு கம்பைனை வருஷம் முழுக்கக் கட்டிப்போட்டு, எலி கடிக்காமல் காவல் காக்க வேண்டுமா என்று உட்கார்ந்து யோசியுங்கள். பக்கத்து வயல்களுக்கும் கூலிக்கு அறுத்து வருஷத்துக்கு இருநூறு, முந்நூறு மணி ஓட்ட முடியும் என்றால் கதை வேறு. வாடகைக்காரரை நம்பி இருப்பதில் உள்ள உண்மையான நஷ்டம் காலம் தவறுவது: நெல்லை 20 முதல் 25 சதவீத ஈரப்பதத்தில் அறுப்பது நல்லது, அதைத் தாண்டிக் காய விட்டால் மணி உதிரும், வெயிலிலும் பனியிலும் மாறி மாறி நின்றதில் மணிக்குள்ளேயே விரிசல் விழுந்து அரைக்கும்போது குருணையாகும். வண்டி கிடைக்காமல் ஒரு வாரம் காத்திருந்த வருஷங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, அந்த நஷ்டத்தை வாடகையோடு கூட்டி, அப்புறம் முடிவெடுங்கள். சிலருக்கு ரெண்டு பேர் சேர்ந்து வாங்குவது சரிவரும். யார் வயலில் முதலில் அறுப்பது என்பதைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளாமல் அதில் இறங்காதீர்கள், அண்ணன் தம்பியாக இருந்தாலும்.

வாங்குவது என்று முடிவான பிறகு வரும் பெரிய குழப்பம் தலைப்பில் உள்ளதுதான். ஒரே விலையில் இரண்டு வண்டி நிற்கிறது, ஒன்று இருபது வயசு, 1,400 மணி; இன்னொன்று எட்டு வயசு, 3,000 மணி. மீட்டரைப் பார்த்தவுடன் மனசு முதல் வண்டிக்குத்தான் போகும். போகட்டும், ஆனால் அந்த எண் எதை எண்ணியது என்று கேளுங்கள். பல வண்டிகளில் எஞ்சின் மணி தனி, டிரம் சுற்றிய மணி தனி. எஞ்சின் மணியில் ரோட்டில் போனது, வயல் ஓரம் சும்மா நின்றது எல்லாம் அடக்கம். தேய்மானத்தைச் சொல்வது டிரம் மணி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வண்டி வயலில் உழைத்திருக்கிறது, எஞ்சின் மணி ரொம்பவும் தள்ளி நின்றால் ரோட்டில் அலைந்திருக்கிறது. அடுத்து, எந்தப் பயிரில் ஓடியது? நெல்லின் உமியிலும் வைக்கோலிலும் சிலிக்கா அதிகம், அது உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தேய்க்கும். சோயாவைத் தரையை ஒட்டி அறுப்பதால் மண்ணும் கல்லும் சேர்ந்து உள்ளே போகும். காய்ந்த கோதுமையில் ஓடிய 2,000 மணியையும் நெல்லில் ஓடிய 2,000 மணியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. என்னைக் கேட்டால் நெல்லில் ஓடிய ஒரு மணி நேரத்தைக் கோதுமையில் ஓடிய ஒன்றரை மணி நேரமாகத்தான் எண்ணுவேன், இது என் கைக்கணக்கு, எந்தப் புத்தகத்திலும் இல்லை.

குறைவாக ஓடிய பழைய வண்டியின் எதிரி வயசு. பெல்ட் ஓடாமல் இருந்தாலும் வெடிக்கும், ஆயில் சீல் காய்ந்து ஒழுகும், டயரின் பக்கச் சுவர் பிளக்கும், வயர் முனைகளில் பச்சை பூக்கும். இதெல்லாம் தொல்லைதான், ஆனால் பெரும்பாலும் கடையில் கிடைக்கும் சாமான், நாமே ஸ்பேனர் பிடித்து மாற்றலாம். நிறைய ஓடிய புது வண்டியின் எதிரி தேய்மானம், கூடவே எலக்ட்ரானிக்ஸ். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 2011 முதல் பெரிய எஞ்சின்களுக்குப் புகைக் கட்டுப்பாடு இறுகியதால் அந்தச் சந்தைகளுக்கான வண்டிகளில் புகை வடிகட்டி, யூரியா திரவம், அவற்றுக்கான சென்சார்கள் எல்லாம் ஏறிவிட்டன. நன்றாக இருக்கும்வரை அருமையான எஞ்சின், ஒரு சென்சார் கோளாறு காட்டினால் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டு, லேப்டாப்போடு ஆள் வரும்வரை நகராது. அறுவடை நடுவில் அந்த ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பது தெரியாமல் அப்படி ஒரு வண்டியை நான் வாங்கமாட்டேன். நீங்களே பழுது பார்க்கக் கூடியவர் என்றால் பழசு, பணம் கொடுத்தால் வந்து நிற்கும் நல்ல சர்வீஸ் பக்கத்தில் இருந்தால் புதுசு. எனக்கு ஸ்பேனர் பிடித்துத்தான் பழக்கம் என்பதால் நான் பழசின் பக்கம், அதுவும் ஒரு நிபந்தனையோடு: வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே மாடலையும் சீரியல் நம்பரையும் வாங்கிக்கொண்டு உதிரிபாகக் கடையில் ஐந்து சாமானுக்கு விலையும் கிடைக்கும் நாளும் கேட்பேன். கான்கேவ், டிரம் வேரியேட்டர் (சுற்றும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) பெல்ட், தானியத்தை மேலே ஏற்றும் எலிவேட்டரின் செயின், எண்ணெய் அழுத்தத்தால் வண்டியை ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டின் பம்ப், எஞ்சின் தலை கேஸ்கெட். ஐந்தில் இரண்டுக்கு ‘தேடிப் பார்க்கணும்’ என்று பதில் வந்தால் அந்த வண்டியைப் போய்ப் பார்ப்பதே இல்லை. பார்த்தால் ஆசை வந்துவிடும்.

அப்புறம் உள்ளே கதிர் அடிக்கும் முறை. பழைய முறையில் குறுக்கே ஒரு டிரம், அதன் அடியில் கான்கேவ், பின்னால் வைக்கோலைக் குலுக்கித் தள்ளும் வாக்கர்கள். 1975இல் நியூ ஹாலண்ட் இரட்டை ரோட்டரோடு டிஆர்70ஐயும், 1977இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஒற்றை ரோட்டர் ஆக்சியல் ஃப்ளோவையும் கொண்டுவந்த பிறகு, வாக்கரே இல்லாமல் நீளவாட்டில் சுற்றும் ரோட்டரே அடிப்பதையும் பிரிப்பதையும் சேர்த்துச் செய்யும் வண்டிகள் பெருகின. வாக்கர் வண்டி வைக்கோலை உடைக்காமல் நீளமாகத் தரும், மாட்டுக்குப் போடுகிறவர்களுக்கும் கட்டுக் கட்டி விற்கிறவர்களுக்கும் அது பணம். சக்தியும் குறைவாகத் தின்னும். ஆனால் பிரிப்பதற்கு அது நம்பியிருப்பது குலுக்கலையும் புவியீர்ப்பையும்தான், அளவுக்கு மேல் திணித்தால் மணி வைக்கோலோடு பின்னால் போய்விடும்; வேகத்தைக் கூட்டக் கூட்ட இழப்பு மெல்ல ஏறாது, ஒரு கட்டத்துக்கு மேல் செங்குத்தாக ஏறும். ரோட்டரில் மணி மேலும் கீழும் அடிபடாமல் உரசிப் பிரிவதால் உடைவது குறைவு, மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் அது சுகம். பச்சைத் தாளும் ஈரமும் வந்தால் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு ரோட்டர் உறுமும், டீசலும் கூடும்.

பழசாக வாங்கும்போது இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. வாக்கர் வண்டியின் நோய்கள் கண்ணுக்குத் தெரியும்: பின்மூடியைத் திறந்து ஒவ்வொரு வாக்கரையும் கையால் பிடித்து ஆட்டினால் பேரிங் ஆட்டம் தெரியும், தகட்டு வெடிப்பு தெரியும், வெல்டிங் ஒட்டுப் போட்டது தெரியும். ரோட்டர் வண்டியில் நகரும் பாகங்கள் குறைவு, அதனால் கெடுவதும் குறைவுதான், ஆனால் ரோட்டர் கியர்பாக்ஸோ அதன் வேரியேட்டரோ போனால் ஒரே அடியில் பெரிய செலவு. நெல் வயலுக்கான சிறிய செயின் வண்டிகள் (டயருக்குப் பதில் டிராக்கில் ஓடுபவை) பலவற்றில் முள் டிரம் வைத்த அச்சுவழி முறைதான், அதாவது கதிர் டிரம்மின் நீளவாட்டில் நகரும் முறைதான் இருக்கிறது, அங்கே தேய்ந்து மொட்டையான முட்களை எண்ணுவதே பாதி சோதனை. ஜப்பானிய அரைஊட்டு வண்டி என்று ஒன்று உண்டு, கதிர் நுனியை மட்டும் உள்ளே விட்டுத் தாளை முழுசாக வெளியே தரும். நெல் கோதுமைக்கு அழகு, மற்றப் பயிருக்கு உதவாது, பிடித்துக் கொண்டுபோகும் செயின்கள் தேய்ந்திருந்தால் பழசாக வாங்குவது தலைவலி.

டயரா செயினா என்பது உங்கள் மண் தீர்மானிக்கும் விஷயம், அதில் விவாதம் அதிகமில்லை. சேறு நிற்கும் வயல் என்றால் செயின் வண்டி, கால் புதையாத வயல் என்றால் டயர். செயின் வண்டி எடையைப் பரப்பி இறக்கும், நாம் ஒற்றைக் காலில் நிற்கும்போது மண் தாங்கும் அழுத்தத்தைவிடக் குறைவாகவே பல சிறிய செயின் வண்டிகளில் இருக்கும். விலையாக ரப்பர் டிராக், உருளைகள், பல்சக்கரம் மூன்றும் சேர்ந்து தேயும், ரோட்டில் ஓட்டினால் சீக்கிரம் தேயும், ஆகவே ஏற்றிப் போக ஒரு லாரியும் வேண்டும். பார்க்கும்போது டிராக்கின் உள்பக்கம் பாருங்கள், இரும்புக் கட்டைகள் ரப்பரை விட்டுப் பிரிந்திருந்தால் வெளிப்பக்கப் பள்ளங்கள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது தீர்ந்துபோன டிராக். பல்சக்கரத்தின் பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் டிராக்கை மட்டும் மாற்றி முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், பழைய பல் புது டிராக்கையும் தின்றுவிடும்.

ஓட்டும் முறையில் கியரும் பெல்ட் வேரியேட்டரும் உள்ள வண்டியை எந்தப் பட்டறையிலும் சரிசெய்யலாம். ஹைட்ரோஸ்டாட் ஓட்டச் சுகம், பயிர் அடர்ந்த இடத்தில் கிளட்ச் மிதிக்காமல் வேகத்தைக் குறைக்கலாம். அதைக் குளிர்ந்த எண்ணெயில் சோதிக்காதீர்கள், தேய்ந்த பம்ப்கூடக் குளிரில் இளமையாக ஓடும். அரைமணி நேரம் ஓட்டி எண்ணெய் சூடான பிறகு ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். முனகிக்கொண்டு நின்றால் பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள், அல்லது கிளம்புங்கள்.

யாரிடம் வாங்குவது? ஒரே சொந்தக்காரரிடம் வாங்குவது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அவரிடம் கேள்வி கேட்கலாம்: கடைசியாக எந்த பேரிங் மாற்றினீர்கள், எந்த வருஷம் எலிவேட்டர் செயின் போட்டீர்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். வியாபாரியிடம் விலை கூடும், ஆனால் எழுத்தில் உத்தரவாதம் தந்தால் அந்தக் கூடுதல் விலைக்கு அர்த்தம் உண்டு. வாயால் சொன்னது வாயோடு போச்சு. ஏலத்தில் மலிவு, ஆனால் ஓட்டிப் பார்க்க விடுவது அபூர்வம். எங்கே வாங்கினாலும் கடன் பாக்கி இல்லை என்ற தாளும், தாளில் உள்ள சேசிஸ், எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒன்றுதானா என்பதும் பார்த்துவிட்டுத்தான் முன்பணம்.

நான் ஒருமுறை மாட்டிக்கொண்டது பெயிண்டில். பளபளவென்று நின்ற வண்டி, பேரம் படிந்து கொண்டுவந்து முதல் நாள் கிரீஸ் அடிக்கப் போனால் கன் பிடிக்கவில்லை. கிரீஸ் நிப்பிள் மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே கிரீஸ் காய்ந்து கல்லாகியிருந்தது, எத்தனை பருவமோ. அந்த வருஷம் பதினொரு பேரிங் மாற்றினேன். அன்றிலிருந்து பெயிண்டைப் பார்ப்பதில்லை, நிப்பிளைப் பார்க்கிறேன், அதைச் சுற்றிப் பழைய கிரீஸ் அழுக்காக மொத்தியிருந்தால் எனக்கு நிம்மதி. பெடல் ரப்பர், ஸ்டீயரிங், ஏணிப் படி இவை வழுவழுவென்று தேய்ந்திருக்க மீட்டர் 900 மணி காட்டினால் மீட்டரை நம்பாதீர்கள்.

பார்க்க வேண்டிய வரிசை கதிர் போகும் வழிதான். கட்டர் பார் பிளேடுகள் மலிவு, அதை வைத்து பேரம் பேசலாம், பயப்பட வேண்டாம். அடுத்து, அறுத்த கதிரை உள்ளே இழுக்கும் ஃபீடர்: செயின் பட்டைகள் வளைந்திருக்கிறதா, அடித் தகட்டைத் தட்டினால் மெல்லிய சத்தம் வருகிறதா. டிரம்மில் கதிரை அடிக்கும் வரிவரியான இரும்புப் பட்டையான ராஸ்ப் பாரின் வரிகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மழுங்கி உருண்டிருந்தால் மாற்ற வேண்டும், அதுவும் எதிரெதிர் ஜோடியாக எடை பார்த்து மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் டிரம் உதறும். கான்கேவின் கம்பிகள் நடுவில் மட்டும் தேய்ந்து வளைந்திருப்பது சகஜம், அப்படி இருந்தால் இடைவெளியை எப்படி வைத்தாலும் கதிருக்கு அடி ஓரங்களில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரியாகத்தான் விழும். தானியத்தைத் தள்ளும் திருகான ஆகரின் இலை விளிம்பு கத்தி மாதிரி ஆகியிருந்தால் அடிக்குழாயும் மெலிந்திருக்கும், தானியம் கொட்டும் குழாயை அடிப்பக்கத்தில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். எல்லாம் பார்த்த பிறகு டிரம்மை இணைத்து முழு வேகத்தில் அரைமணி ஓட விடுங்கள், பிறகு எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து உங்கள் பையில் போட்டுக்கொண்டு, எல்லாம் சுற்றி நின்ற பின் ஒவ்வொரு பேரிங்காகச் சூடு பாருங்கள். கை வைக்க முடியாதபடி கொதிக்கும் பேரிங்கைக் குறித்துக்கொண்டால் அதுவே பேரப் பட்டியல். முன்பகுதிக்கு அடியில் குனிவதானால் தூக்கிய பின் பூட்டுக் கட்டையைப் போடாமல் குனியாதீர்கள், ஹைட்ராலிக் குழாய் வெடிப்பதற்கு நேரம் காலம் கிடையாது.

வாங்கிய பிறகு விலையில் ஆறில் ஒரு பங்காவது கையில் மிச்சம் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு, முதல் பருவத்துக்கு முன்பே அது தேவைப்படும். எல்லா எண்ணெயும் பில்டரும் மாற்றுங்கள், முந்தியவர் ‘போன மாசம்தான் மாத்தினேன்’ என்று சொல்லியிருந்தாலும். தினசரி வேலையில் மூன்றை மட்டும் விடவே கூடாது என்பேன். ரேடியேட்டர் வலையையும் எஞ்சின் மேலே படியும் தூசியையும் காற்றால் ஊதுவது முதலாவது, சூடான புகைக்குழாய் மேல் பதரும் எண்ணெயும் சேர்ந்தால் வண்டியே எரியும், தீயணைப்பான் ஒன்று மேலே, ஒன்று கீழே நின்று எடுக்கிற மாதிரி வேண்டும். உள்ளே வரும் கல்லைப் பிடிக்கும் கல் பொறி உள்ள வண்டியில் அதைத் தினமும் கொட்டுவது இரண்டாவது, நிரம்பிய பொறி இருந்தும் இல்லாததும் ஒன்று. எலிவேட்டர் செயின் இழுவையைப் பார்ப்பது மூன்றாவது, தளர்ந்து நழுவி ஒரு பல் தாவினால் அன்றைக்கு அறுப்பு முடிந்தது.

பின்னால் போகும் மணியை எண்ணாமல் செட்டிங் சரியா தப்பா என்று சொல்ல முடியாது. ஹெக்டேருக்கு 5 டன் நெல் என்றால் சதுர மீட்டருக்கு 500 கிராம், அதில் ஒரு சதவீதம் 5 கிராம், ஆயிரம் மணி 25 கிராம் என்ற கணக்கில் 200 மணி. முன்பகுதி 4 மீட்டரும் பின்வாசல் 1 மீட்டரும் என்றால் வண்டிக்கு நேர் பின்னால் விழும் இடத்தில் நாலு மடங்கு, சதுர மீட்டருக்கு 800 மணி இருந்தால்தான் ஒரு சதவீதம். இது தெரியாமல் பின்னால் நாலு மணி கிடப்பதைப் பார்த்துக் காற்றைக் குறைத்து, சல்லடையை மாற்றி, கடைசியில் தொட்டி முழுக்கப் பதராக்கி வைப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றி, மறுபடி எண்ணுங்கள்.

பருவம் முடிந்ததும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பதறும், பேரிங் சீலுக்குள் தண்ணீரை ஏற்றிவிட்டு ஆறு மாசம் துருப்பிடிக்க நிறுத்துகிறார்கள். காற்றால் ஊதி, எலிவேட்டர், ஆகர் அடிமூடிகளை எல்லாம் திறந்து கடைசி மணியும் விழும்வரை ஓட்டி, பிறகு எல்லா நிப்பிளிலும் புது கிரீஸ் வெளியே வரும்வரை அடித்துவிட்டுக் கொட்டகைக்குள் நிறுத்துங்கள். டீசல் தொட்டியை நிரப்பி வையுங்கள், காலித் தொட்டியில் ஈரம் வேர்க்கும். பேட்டரியைக் கழற்றுங்கள், பெல்ட்டுகளைத் தளர்த்துங்கள், அடிமூடிகளைத் திறந்தபடியே விடுங்கள். உள்ளே ஒரு பிடி நெல் கிடந்தால் எலி குடும்பத்தோடு வரும், நெல் தீர்ந்ததும் வயரைக் கடிக்கும்.